இத்தாலிய ஒயின்களை ஊரோடும் திராட்சையோடும் அறிதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இத்தாலிய ஒயின்களுக்குப் புதிதாக வருபவரை முதலில் மிரட்டுவது அவற்றின் பெயர்களே. அந்நாட்டின் 20 மண்டலங்களிலும் ஒயின் தயாராகிறது. அரசுப் பதிவேட்டில் ஒயினுக்குரிய திராட்சை வகைகள் 500க்கும் மேல் உள்ளன. இதற்கு மேல், ஒரே திராட்சை ஊருக்கு ஊர் வேறு பெயரில் வழங்குவதும், ஒரே பெயர் ஓரிடத்தில் ஊரையும் இன்னோரிடத்தில் திராட்சையையும் குறிப்பதும் உண்டு. இவை அனைத்தையும் வரிசையாக மனப்பாடம் செய்ய முனைபவர் விரைவிலேயே சலித்துப்போவார். சுமார் பத்துத் திராட்சைகளை, ஒவ்வொன்றையும் அது நன்றாக விளையும் இடத்தோடு சேர்த்து அறிந்துகொண்டால், கடையின் அடுக்கில் உள்ள பெரும்பாலான புட்டிகளைப் பற்றி ஓரளவு சரியாக ஊகிக்க முடியும். அதற்கான வழியைப் படிப்படியாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்படி: பெயர் ஊருடையதா, திராட்சையுடையதா?

லேபிளில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும் பெயர் பெரும்பாலும் மூன்று வகையுள் ஒன்றாக இருக்கும். பரோலோ, கியாந்தி, சோவாவே, தௌராசி ஆகியவை இடப்பெயர்கள். அவற்றின் லேபிளில் திராட்சையின் பெயர் பொதுவாக இராது. அந்த இடப்பெயரைப் பயன்படுத்த விரும்புபவர் எந்தத் திராட்சையை எந்த அளவில் சேர்க்க வேண்டும் என்பதைச் சட்டமே வரையறுத்துவிட்டதால், ஊரைச் சொன்னாலே திராட்சையைச் சொன்னதாகிவிடும். இரண்டாவது வகையில் திராட்சையும் இடமும் சேர்ந்து வரும். பார்பேரா தாஸ்தி என்பது ஆஸ்தி வட்டாரத்தில் விளைந்த பார்பேரா. வெர்மெந்தீனோ தி கல்லூரா என்பது சார்தீனியாத் தீவின் வடகிழக்கில் உள்ள கல்லூராவில் விளைந்த வெர்மெந்தீனோ. இடையில் வரும் ‘தி’, ‘தெல்’ போன்ற சிறு சொல்லுக்கு முன்னால் நிற்பது திராட்சை, பின்னால் நிற்பது இடம் என்று கொண்டால் பெரும்பாலும் பிழை நேராது. மூன்றாவது வகை, தயாரிப்பாளர் தாமே சூட்டிய பெயர். அதற்குப் பொது விதி ஏதும் இல்லை, புட்டியின் பின்புற லேபிளைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த விதியை நன்கு சோதிக்கும் பெயர் மொந்தெபுல்சியானோ. தஸ்கனியில் அது ஒரு மலையூர். அங்குத் தயாராகும் ‘வீனோ நோபிலே தி மொந்தெபுல்சியானோ’வில் குறைந்தது 70 விழுக்காடு சஞ்சொவேசே திராட்சை இருக்க வேண்டும். அப்ருட்சோ மண்டலத்திலோ அதே பெயர் ஒரு திராட்சைக்கு உரியது. ‘மொந்தெபுல்சியானோ தப்ருட்சோ’ என்னும் அடர்நிறச் சிவப்பு ஒயினுக்கும் அந்தத் தஸ்கனி ஊருக்கும் தொடர்பில்லை. விலையிலும் இரண்டுக்கும் இடைவெளி பெரிது. கடைக்காரர்களே சில வேளைகளில் இவற்றைக் குழப்புவதால், பெயரின் எந்தப் பாதியில் அச்சொல் நிற்கிறது என்று வாங்குபவர் பார்த்துக்கொள்வது நல்லது.

உச்சரிப்பிலும் ஒரு சிறு பயிற்சி வேண்டும். இத்தாலிய எழுத்துமுறையில் ‘சி’யும் ‘எச்’சும் அடுத்தடுத்து வந்தால் அது ‘க’ ஒலி. ஆகவே ‘சியாந்தி’ என்று படிக்கத் தோன்றும் பெயர் உண்மையில் கியாந்தி. ‘ஜி’யும் ‘என்’னும் சேர்ந்தால் நம்முடைய ‘ஞ’வை ஒத்த ஒலி வரும்.

இரண்டாம் படி: கழுத்துப் பட்டையும் சிறு சொற்களும்

இடப்பெயர்களைக் காக்கும் சட்டம் 1963இல் இயற்றப்பட்டது. அதன்படி உருவான டி.ஓ.சி. என்னும் தகுதியை முதலில், 1966இல், பெற்றது தஸ்கனியின் சான் ஜிமிஞானோ ஊரைச் சேர்ந்த வெர்னாச்சா என்னும் வெள்ளை ஒயின். அதற்கும் மேலான டி.ஓ.சி.ஜி. தகுதி 1980இல்தான் நடைமுறைக்கு வந்தது. பரோலோ, பார்பரெஸ்கோ, புருனெல்லோ தி மொந்தல்சீனோ, வீனோ நோபிலே ஆகியவை அதை முதலில் பெற்றவற்றுள் அடங்கும். டி.ஓ.சி.ஜி. புட்டியின் கழுத்திலோ மூடியின் மீதோ வரிசை எண் கொண்ட அரசு முத்திரைப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். மூன்றாவது தகுதியான ஐ.ஜி.டி. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதில் எல்லை விரிவு, விதிகள் தளர்வு.

இந்த எழுத்துகளைச் சுவைக்கான மதிப்பெண்ணாகக் கொள்ளக் கூடாது. அவை உறுதி கூறுவது, ஒயின் எங்கிருந்து வந்தது, எந்த விதிப்படி தயாரானது என்பதை மட்டுமே. இதற்குத் தஸ்கனியிலேயே சான்று உண்டு. கடற்கரையை ஒட்டிய பொல்கேரியில், உள்ளூர் விதிகளில் இடமில்லாத கபர்னே சோவின்யோன் என்னும் பிரெஞ்சுத் திராட்சையைப் பயிரிட்டு உருவாக்கிய சஸ்ஸிக்காயா 1968ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து விற்பனைக்கு வந்தது. 1971ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து தின்யானெல்லோவும் கியாந்தி என்னும் பெயரைத் துறந்தே வெளிவந்தது. சட்டப்படி இவை ‘மேசை ஒயின்’ என்னும் கடைநிலைப் பிரிவில் நின்றன, விலையிலோ டி.ஓ.சி. ஒயின்கள் பலவற்றை விஞ்சின. ஐ.ஜி.டி. என்னும் பிரிவு தோன்றியதற்கு இந்த முரண்பாடும் ஒரு காரணம். ஆகவே ஐ.ஜி.டி. என்று கண்டதும் மலிவுச் சரக்கு என்று ஒதுக்குபவர் சில நல்ல ஒயின்களை இழப்பார்.

எழுத்துகளைவிடப் பயனுள்ளவை பெயரோடு ஒட்டி வரும் மூன்று சொற்கள். ‘கிளாசிகோ’ என்றால், பிற்காலத்தில் எல்லை விரிவதற்கு முன்னர் அந்த ஒயின் வழக்கமாக விளைந்துவந்த பழைய மையப் பகுதி. ‘ரிசெர்வா’ என்றால் விற்பனைக்கு முன் கூடுதல் காலம் முதிர்த்தது. ‘சுப்பெரியோரே’ என்றால் பொதுவாக மதுச்சத்து சற்று மிகுந்தது. இம்மூன்றில் புதியவர் முதலில் தேட வேண்டியது கிளாசிகோ. சோவாவேயானாலும் வல்பொலிச்செல்லாவானாலும், விரிவாக்கப்பட்ட சமவெளியில் மிகுதியாக விளையும் திராட்சைக்கும் பழைய குன்றுகளில் விளைவதற்கும் உள்ள வேறுபாடு நாவுக்குத் தெளிவாகவே தெரியும். விலை வேறுபாடோ பெரும்பாலும் சிறிது.

மூன்றாம் படி: மூன்று சிவப்புத் திராட்சைகள்

சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்ள இரண்டு அளவுகோல்கள் வேண்டும். ஒன்று புளிப்பு; வாயில் நீர் ஊறச் செய்வது. மற்றொன்று துவர்ப்பு, கொட்டைப்பாக்கை மென்றால் நாவும் ஈறும் உலர்ந்து இறுகுவது போன்ற உணர்வு. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருளே இத்துவர்ப்புக்குக் காரணம். இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொடுக்க வடமேற்கின் பீட்மாண்ட் மண்டலத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் வாங்க வேண்டியது பார்பேரா. நிறம் அடர்த்தி, புளிப்பு மிகுதி, துவர்ப்பு குறைவு. பீட்மாண்ட்டு மக்கள் அன்றாட உணவோடு அருந்துவது இது. தக்காளி சேர்ந்த எந்த உணவோடும் இயல்பாகப் பொருந்தும். பலரும் பெயரின் புகழை நம்பிப் பரோலோவில் தொடங்குகிறார்கள். அவ்வாறு தொடங்குபவர் பெரும்பாலும் கடுந்துவர்ப்பில் மிரண்டு, இத்தாலிய ஒயினே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

பரோலோவின் திராட்சையான நெபியோலோ பார்பேராவுக்கு எதிர்நிலை. நிறம் வெளிறியிருக்கும், கோப்பையின் மறுபக்கம் தெரியும். மணம் ரோஜாவையும் உலர்ந்த செர்ரிப் பழத்தையும் நினைவூட்டும். ஆனால் வாயில் வைத்ததும் துவர்ப்பும் புளிப்பும் ஒருங்கே தாக்கும். நிறத்தைக் கொண்டு ஒயினின் வலிமையைக் கணிக்கும் பழக்கத்தை இத்திராட்சை ஒரே மிடறில் போக்கிவிடும். மிகத் தாமதமாக, பெரும்பாலும் அக்டோபரில், பழுப்பதால் வெயில் நன்கு படும் சரிவுகள் இதற்குத் தேவை. ஆல்பா நகரைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளில் அந்தச் சரிவுகளைத்தான் நெபியோலோவுக்கென ஒதுக்குகிறார்கள். சட்டப்படி பரோலோ முழுவதும் நெபியோலோ; குறைந்தது 38 மாதம் முதிர்த்தப்பட வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் கழிய வேண்டும். அருகிலுள்ள பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம் போதும். புதியவர் இவ்விரண்டுக்கும் முன்னதாக ‘லாங்கே நெபியோலோ’ என்னும் டி.ஓ.சி. ஒயினை வாங்குவதே அறிவுடைமை: அதே திராட்சை, பல வேளைகளில் அதே தயாரிப்பாளர், இளமையிலேயே அருந்தத்தக்க மென்மை, பரோலோவைவிட மிகக் குறைந்த விலை. இதே திராட்சைதான் லொம்பார்டியின் வல்தெல்லீனாப் பள்ளத்தாக்கில், கல் அடுக்கிய மலைப்படிகளில், கியாவென்னாஸ்கா என்னும் பெயரில் விளைகிறது; அங்கு அது வாயில் சற்று கனம் குறைந்து, மெலிவாக வரும்.

மூன்றாவது திராட்சை, இத்தாலியில் மிகப் பரவலாகப் பயிராகும் சிவப்பு வகையான சஞ்சொவேசே. புளிச்செர்ரியின் சுவை, நடுத்தர நிறம், தெளிவான புளிப்பு, முடிவில் சிறு கசப்பு. இதன் இயல்பான தாயகம் தஸ்கனி. பிளாரன்சுக்கும் சியேனாவுக்கும் இடைப்பட்ட பழைய கியாந்தி நிலத்தின் எல்லையை 1716இல் தஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ அரசாணையால் வரையறுத்தார். பின்னர் 1932இல் கியாந்தி என்னும் பெயர் சுற்றியுள்ள பரந்த பகுதிகளுக்கும் வழங்கப்பட்டதால், பழைய நிலம் கியாந்தி கிளாசிகோ என்று தனித்துக் குறிக்கப்படலாயிற்று. வெறும் கியாந்தியில் 70 விழுக்காடும், கியாந்தி கிளாசிகோவில் 80 விழுக்காடும் குறைந்த அளவாகச் சஞ்சொவேசே இருக்க வேண்டும். கிளாசிகோவின் புட்டியில் கருஞ்சேவல் முத்திரை இருக்கும். முன்பு வெள்ளைத் திராட்சையையும் கலக்கும் வழக்கம் இருந்தது. கிளாசிகோவில் 2006ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து அதற்குத் தடை.

தெற்கே மொந்தல்சீனோவின் வெப்பமான சரிவுகளில் இதே சஞ்சொவேசே புருனெல்லோ எனப்படுகிறது. அங்குக் கலப்புக்கே இடமில்லை, நூற்றுக்கு நூறு சஞ்சொவேசே. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் ஜனவரியில்தான் சந்தைக்கு வரலாம். அதற்குக் காத்திருக்கவோ அவ்வளவு செலவிடவோ விரும்பாதவருக்கு அதே நிலத்தின் ‘ரோஸ்ஸோ தி மொந்தல்சீனோ’ உண்டு. லாங்கே நெபியோலோவையும் இதையும் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும்: புகழ்பெற்ற ஒயின் ஒன்றின் பக்கத்தில், அதே திராட்சையில், அதே கைகளால் தயாரான எளிய ஒயின் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதே குறைந்த செலவில் கற்கும் வழி.

நான்காம் படி: வெனெட்டோவில் செய்முறையைக் கற்றல்

இதுவரை திராட்சையும் மண்ணுமே சுவையை முடிவுசெய்தன. வெனெட்டோ மண்டலத்திற்கு வந்தால் செய்முறையும் முக்கியமாகிறது. வெரோனா நகருக்கு வடக்கே வல்பொலிச்செல்லாவில் கொர்வீனா, கொர்வினோனே, ரொந்தினெல்லா ஆகிய திராட்சைகளிலிருந்து நான்கு ஒயின்கள் வருகின்றன. பறித்த உடனே நொதிக்கவைத்தால் கிடைப்பது இலேசான வல்பொலிச்செல்லா. அதே பழங்களைக் காற்றோட்டமான கொட்டில்களில் மூன்று நான்கு மாதம் பரப்பி உலர்த்தி, நீர்ச்சத்து வற்றிச் சர்க்கரை செறிந்தபின் நொதிக்கவைத்தால், சர்க்கரை முழுவதும் மதுவாக மாறும்வரை விட்டது அமரோனே. இடையிலேயே நிறுத்தி இனிப்பைத் தக்கவைத்தது ரெச்சோட்டோ. அமரோனேவைப் பிழிந்தபின் எஞ்சும் தோல் சக்கையின் மீது சாதாரண வல்பொலிச்செல்லாவை ஊற்றி மீண்டும் ஊறவைத்தால் ரிபாஸ்ஸோ. அமரோனேவின் மதுச்சத்து குறைந்தது 14 விழுக்காடு. பெரும்பாலும் 15ஐத் தாண்டும். சாப்பாட்டின் முடிவில், முதிர்ந்த பாலாடைக்கட்டியோடு சிறிதளவு அருந்துவதற்கு அது ஏற்றது.

நுரைக்கும் ஒயின்களில் உலகறிந்தது புரொசெக்கோ. 2009 முதல் அப்பெயர் இடத்தைக் குறிப்பதாக வரையறுக்கப்பட்டு, திராட்சைக்கு கிளேரா என்னும் பெயர் நிலைபெற்றது. நுரையைத் தரும் இரண்டாம் நொதிப்பு பெரிய எஃகுக் கலன்களில் நடப்பதால் விலை குறைவு, சுவையில் பழத்தின் புதுமை மிகுதி. வாங்கும்போது ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று எழுதியிருந்தால் இனிப்பு மிகக் குறைவு என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை இருக்கும், வெறும் ‘டிரை’ என்பதில் 17 முதல் 32 கிராம் வரை இருக்கும், 12 கிராமுக்கும் குறைவானதுதான் ‘புரூட்’. இனிப்பு வேண்டாதவர் புரூட்டையே கேட்க வேண்டும். லொம்பார்டியின் பிரான்சியாக்கோர்த்தா வேறு தரத்தது: ஷாம்பெயினைப் போலப் புட்டிக்குள்ளேயே இரண்டாம் நொதிப்பு நடந்து, குறைந்தது 18 மாதம் ஈஸ்ட் மண்டியின் மேல் கிடந்து முதிர்வது, விலையும் அதற்கேற்ப உயரும். எமிலியா-ரொமாஞாவின் லம்ப்ருஸ்கோ சிவப்பாகவே நுரைப்பது; ‘செக்கோ’ என்று குறித்த, இனிப்பற்ற வகையைக் குளிரவைத்துக் கொழுப்பு மிகுந்த உணவோடு அருந்தினால் அதன் மீது பலருக்கு உள்ள ஏளனம் நீங்கிவிடும்.

ஐந்தாம் படி: வெள்ளை ஒயின்கள்

பினோ கிரிஜோ எங்கும் கிடைப்பதால் பலருக்கும் இத்தாலிய வெள்ளை ஒயின் என்றால் அதுவே. மலிவு விலைப் புட்டிகளில் அது பெரும்பாலும் நீர்த்த சுவையுடனே இருக்கும். அந்த விலைக்குச் சற்று மேலே போனால் நல்லவை பல உண்டு. கர்கானேகா திராட்சையில் தயாராகும் சோவாவே கிளாசிகோ ஒன்று. முடிவில் வாதுமைப் பருப்பின் மென்கசப்பு வரும். மார்க்கே மண்டலத்தின் வெர்தீக்கியோ மற்றொன்று. அதன் புளிப்பும் உறுதியும் மீன் உணவுக்கு மிகவும் ஏற்றவை, நன்றாகத் தயாரானது பத்தாண்டுகள்கூடத் தாங்கும். இதன் தகுதிக்கு இது பெறும் விலை குறைவு என்றே கருதுகிறேன். மூன்றாவதாக, நேப்பிள்சுக்குக் கிழக்கே காம்பானியாவின் மலைப்பகுதியில் விளையும் பியானோ தி அவெல்லீனோ, கிரேக்கோ தி தூஃபோ ஆகிய இரண்டையும் ஒன்றாக வாங்கி ஒப்பிட வேண்டும். முன்னது தேனும் கொட்டைப் பருப்பும் கலந்த மணம். பின்னது கனிமச் சாயல் கொண்ட இறுக்கமான சுவை.

ஆறாம் படி: தெற்கும் தீவுகளும்

தெற்கு என்றால் வெப்பம், வெப்பம் என்றால் இனிப்புச் சாயல் கொண்ட கனத்த ஒயின் என்னும் எண்ணம் பாதிதான் சரி. புல்யாவின் பிரிமிதீவோவுக்கு அது பொருந்தும். முன்னதாகவே பழுத்து, சர்க்கரையும் மதுச்சத்தும் மிகும் இத்திராட்சையும் கலிபோர்னியாவின் ஜின்ஃபண்டெலும் ஒன்றே என்று மரபணுச் சோதனை காட்டியது. வேர் குரோவேசியாவில் இருக்கிறது.

ஆனால் காம்பானியாவிலும் பசிலிக்காத்தாவிலும் விளையும் அல்யானிக்கோ அந்த எண்ணத்தை உடைக்கும். எரிமலை மண்ணும் உயர்ந்த இடமும் சேர்வதால் மிகத் தாமதமாகப் பழுத்து, கடுந்துவர்ப்பும் புளிப்பும் கொண்டு வருகிறது. தௌராசி இதன் சிறந்த வடிவம். மூன்றாண்டு முதிர்த்தியபின்தான் விற்கலாம். நெபியோலோவைக் கற்றவருக்கு இது புதிர் அன்று.

சிசிலியில் நேரோ தாவோலா எளிதில் பிடித்துப்போகும் சிவப்பு. எனினும் அத்தீவில் தனிக் கவனத்துக்கு உரியது எட்னா எரிமலை. 1,000 மீட்டர் உயரம் வரை கூடக் கொடிகள் ஏறியிருக்கும் அதன் சரிவுகளில், சாம்பலும் உறைந்த தீக்குழம்பும் பொடிந்த மண்ணில் நெரெல்லோ மஸ்கலேசே விளைகிறது. ‘எட்னா ரோஸ்ஸோ’வில் அது குறைந்தது 80 விழுக்காடு இருக்க வேண்டும். நிறம் வெளிறியது, துவர்ப்பு நுண்ணியது, பின்சுவையில் உப்பும் புகையும் போன்ற சாயல். ஒவ்வொரு தீக்குழம்புப் பாய்ச்சலுக்கும் வயது வேறு, மண் வேறு என்பதால் ‘கொன்த்ராதா’ எனப்படும் சிறு நிலப்பிரிவின் பெயரையும் லேபிளில் குறிக்கிறார்கள். எரிமலையின் கிழக்குச் சரிவில் மீலோ ஊரைச் சுற்றி விளையும் கர்ரிக்காந்தே என்னும் வெள்ளைத் திராட்சையிலிருந்து ‘எட்னா பியாங்கோ’ வருகிறது. சார்தீனியாவின் கன்னோனாவைப் பொறுத்தவரை, பிரான்சின் கிரெனாஷை அறிந்தவர் அதையும் அறிந்தவரே; இரண்டும் ஒரே திராட்சை.

ஏழாம் படி: வீட்டில் ஒப்பிட்டு அருந்துதல்

ஒரு வேளைக்கு ஒரு புட்டி என்று தனித்தனியாக அருந்தினால் நினைவில் நிற்பது சிறிதே. நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேரும் நாளில் இரண்டு புட்டிகளை அருகருகே திறந்து, ஒரு வேறுபாட்டை மட்டும் சோதிக்க வேண்டும். பார்பேராவும் லாங்கே நெபியோலோவும் வைத்தால் மண்டலம் ஒன்று, திராட்சை இரண்டு. கியாந்தி கிளாசிகோவும் ரோஸ்ஸோ தி மொந்தல்சீனோவும் வைத்தால் திராட்சை ஒன்று, நிலம் இரண்டு. வல்பொலிச்செல்லாவும் ரிபாஸ்ஸோவும் வைத்தால் திராட்சையும் நிலமும் ஒன்று, செய்முறை இரண்டு. புளிப்பு, துவர்ப்பு, மணம், பின்சுவை என்று நான்கு சொற்களுக்கு எதிரே ஒவ்வொரு குறிப்பு எழுதிவைத்தாலே போதும்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்னும் வழக்கு ஐரோப்பாவின் குளிர்ந்த கல் வீடுகளுக்கு உரியது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ அறை வெப்பம் 30 பாகையாக இருக்கும். அந்நிலையில் மதுவின் காரமே மேலோங்கும். சிவப்பைக் குளிர்பெட்டியில் வைத்து 16 முதல் 18 பாகையிலும், வெள்ளையை 8 முதல் 12 பாகையிலும் பரிமாறலாம். மிளகாய்க் காரம் மிகுந்த உணவோடு துவர்ப்பு மிகுந்த ஒயினை வைக்கக் கூடாது; இரண்டும் ஒன்றையொன்று கடுமையாக்கும். அங்கே செக்கோ அல்லாத, சிறிது இனிப்புள்ள லம்ப்ருஸ்கோவோ, 5 விழுக்காட்டளவே மதுச்சத்துள்ள மொஸ்காத்தோ தாஸ்தியோ பொருந்தும். திறந்த புட்டியைச் சிவப்பாயினும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

இவற்றில் பாதியையாவது அருந்திய பிறகு பரோலோவை வாங்கலாம். அறுவடை ஆண்டிலிருந்து எட்டு முதல் பத்து ஆண்டுகள் கடந்த புட்டியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதற்குள் துவர்ப்பு தணியத் தொடங்கியிருக்கும். இளம் புட்டிதான் கிடைக்கிறது என்றால் பரிமாறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவைக்க வேண்டும். உணவு கொழுப்பும் புரதமும் மிகுந்ததாக, நெடுநேரம் வேகவைத்த இறைச்சியாகவோ காளான் சேர்ந்ததாகவோ இருக்கட்டும். முதல் கோப்பையை மட்டும் உணவுக்கு முன் தனியாகவும், இரண்டாவதை உணவோடும் அருந்தினால், அந்தத் துவர்ப்பு எதற்காக அங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.